பச்சைப் பெட்டியின் இரண்டாவது காது

எங்கள் வீட்டுப் பச்சைப் பெட்டிக்கு முதலில் ஒரே ஒரு காதுதான் இருந்தது. இன்னொரு காது வைத்தே தீரவேண்டும் என்று அழுது, அடம்பிடித்து, ஒரு வேளைச் சோற்றை மறுத்துச் சாதித்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சாதித்தேன் என்று சொல்லிக்கொள்ள என் வாழ்க்கையில் அதிகமில்லை. இதைச் சொல்லிக்கொள்ளலாமா என்றும் இன்றுவரை தெரியவில்லை.

பச்சைப் பெட்டி என்றால் ரேடியோ. கடையில் விற்கிற, மரச்சட்டம் போட்ட ரேடியோ இல்லை. சண்டைக் காலத்துப் பட்டாளத்துக்காரர்கள் விட்டுவிட்டுப் போன இரும்புப் பெட்டி. போர்ட் பிளேயரில் பழைய சாமான்களை நீலாம் விட்டபோது அப்பா அதை ஏலத்தில் எடுத்து, சௌல்தாரி கிராமத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். அதற்கு வாய் தனி. ஒரு காலித் தேயிலைப் பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்து ஆணி அடித்திருந்தார். காது பின்பக்கம். கட்டைவிரல் பருமனில் கம்பி சுற்றிய ஒரு கட்டை, அடியில் நாலு கால். பிடுங்கலாம், திரும்பச் செருகலாம். காயில் என்று அதற்குப் பெயர். நாங்கள் காது என்றுதான் சொன்னோம். அது இல்லாவிட்டால் பெட்டிக்கு எதுவும் கேட்காது.

அந்தக் காதில் தூரத்துக் குரல்கள் மட்டுமே விழுந்தன. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குமிழைத் திருப்புவாள். கொஞ்ச நேரம் மழை பெய்வதுபோல இரையும். பிறகு சிலோன்காரர்களின் தமிழ் வரும். அந்த நேரத்தில் அவர்கள் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள். இன்ன ஊரில் இன்னாருடைய மகளுக்கு இன்றோடு நாலு வயது, வாழ்த்துகிறவர்கள் அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை, மாமா என்று பெயர் பெயராகப் போகும். எல்லாம் முடிந்ததும் பாட்டு. உலகத்தில் எல்லாரும் பாட்டுக்குத்தான் ரேடியோ வைப்பார்கள். அம்மா பாட்டு தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பாட்டரி தீர்ந்தால் அடுத்த பாட்டரி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும், அதனால் சிக்கனம் பிடிக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். சிக்கனம் பிடிக்கிறவள் ஊரார் பிள்ளைகளின் வயதைக் கேட்டு ஏன் பாட்டரியைக் கரைக்கிறாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் கடலில் இருந்தது.

அப்பா கலாசி. தீவுக்குத் தீவு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப்போகிற ஒரு போட்டில் வேலை. கார் நிக்கோபார் போய்த் திரும்ப ஐந்து நாள் என்று சொல்லிவிட்டுப் போவார். நான் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுவேன். ஐந்தாம் நாள் பொழுது சாய்ந்தும் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆறாம் நாள் காலையில் மனதுக்குள் அப்பாவுக்குச் சாவுப் பூசை வைத்து, கறுப்புத் துணி எடுத்து, அம்மாவும் நானும் யார் வீட்டில் போய் நிற்பது என்றும் முடிவுசெய்து வைத்திருப்பேன். ஏழாம் நாள் அவர் பை நிறையப் பாக்கோடு வந்து நின்று, "என்னட்டி, பேயக் கண்டவ மாதிரி பாக்க?" என்பார். அடுத்த தடவையும் அதே கோடு, அதே பூசை. நான் அப்படிப் பிறந்தவள். இன்றைக்கும் என் மகன் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும்வரை வீட்டைப் பெருக்க மாட்டேன்.

அந்த வருஷம் போர்ட் பிளேயரிலேயே ரேடியோ நிலையம் வந்தது. பஜாரில் கடை வைத்திருந்த அண்ணாச்சி கையடக்கமான ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியிருந்தார். உப்பு வாங்கப் போனபோது அதை நான் கேட்டேன். இந்தியில் பேசினார்கள். பேச்சின் நடுவே, இந்த போட் இந்தப் படகுத்துறையில் நிற்கிறது, அந்த போட் நாளைக் காலையில் புறப்படும் என்று வரிசையாகச் சொன்னார்கள். உப்பை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன். தினம் ஆறு மணிக்கு ஒருத்தன் உட்கார்ந்து அப்பா எங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், அது தெரியாமல் நாங்கள் சிலோன் பிள்ளைகளின் வயதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

வீட்டுக்கு வந்து பச்சைப் பெட்டியைத் திருகு திருகென்று திருகினேன். முப்பது மைல்கூட இல்லாத போர்ட் பிளேயர் கேட்கவில்லை. எங்கோ இருக்கிற சிலோன் கேட்டது.

அதன்பிறகு நான் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. அப்பா கடைசியில் சலித்துப்போய், போர்ட் பிளேயரில் கப்பல் ஒயர்லெஸ் பழுதுபார்க்கிற பட்டறையில் இருந்த சித்தப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை கார் நிக்கோபாருக்குப் புறப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் சித்தப்பா வந்து இறங்கினார். ஒரு துணிப்பையில் அவருடைய ஆஸ்பத்திரியே இருந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பல்லி முட்டை மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தார்.

"மதினி, ரேடியோவுக்கு வாரிசு இருக்கு பாத்தியளா."

அம்மா சிரிக்கவில்லை. கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "இது ஏன் தம்பி இங்க உள்ளது கேக்க மாட்டேங்கு?" என்று கேட்டாள்.

"பட்டாளத்துப் பெட்டில்லா. தூரத்துல உள்ளவன் பேசுனா கேக்கும். பக்கத்துல உள்ளவ கத்துனாலும் கேக்காது. எங்க அண்ணன மாதிரின்னு வச்சுக்கிடுங்க."

இதற்கு அம்மா சிரித்துவிட்டாள்.

சித்தப்பா விளக்கினார். சிலோன்காரன் அனுப்புவது குட்டை அலை, போர்ட் பிளேயர்க்காரன் அனுப்புவது நீட்டு அலை. பழைய காதில் சுற்று கொஞ்சம். நீட்டு அலையைப் பிடிக்க நிறையச் சுற்று உள்ள காது வேண்டும். கூடவே ஒரு கண்டன்சர் ஒட்டவேண்டும், சோர்ந்துபோன ஒரு வால்வை மாற்றவேண்டும். மற்றபடி பெட்டி இரும்பு மாதிரி இருக்கிறது, இன்னும் இருபது வருஷம் உழைக்கும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப இது? சிலோன்?"

"அது எங்க போவுது? இதப் புடுங்கிட்டு அதச் செருகுங்க, சிலோன். அதப் புடுங்கிட்டு இதச் செருகுங்க, போர்ட் பிளேயர். அஞ்சேகாலுக்கு ஒரு காது, ஆறு மணிக்கு ஒரு காது. மனுஷனுக்கே ரெண்டு காதுதான மதினி?"

அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவர் காத்திருந்ததுபோல வேலையைத் தொடங்கினார். செத்துப்போன வால்வு ஒன்றின் கண்ணாடியை உடைத்து அடிக்கட்டையை எடுத்தார். அதில் காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை இறுக்கினார். ஈர்க்கைவிட மெல்லிய கம்பியை அதன்மேல் பக்கம் பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். நூற்றிருபது சுற்று. எண்ணுகிற பொறுப்பு என்னுடையது. எழுபதை நெருங்கும்போது என் காலில் அட்டை ஏறியது. அதை உதறிவிட்டு நிமிர்ந்தபோது எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. "எழுவது" என்று துணிந்து சொல்லிவிட்டேன். அதிலிருந்து நூற்றிருபது வரை எண்ணியபோது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

சுற்றி முடித்ததும், கம்பி நழுவாமலிருக்க மெழுகு பூசவேண்டும் என்றார். மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை அம்மா எடுத்துக் கொடுத்தாள். மெழுகை உருக்கி ஊற்றி, காதை ஜன்னலில் வைத்து, போர்ட் பிளேயர் இங்கேதான் வரும் என்று குமிழைச் சுற்றி ஓரிடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"நிலையம் சாயங்காலந்தான் பேசும். எனக்கு லாரி மூணு மணிக்கு. மெழுகு எறுகட்டும். நாளைக்கு மாட்டிக் கேளுங்க. ஏட்டி, தொட்டுத் தொட்டுப் பாக்கப்பிடாது, என்ன?"

நான் தொடவில்லை. தொடாமல் அரை மணிக்கொருதரம் போய்ப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மழை பிடித்தது. எங்கள் தீவு மழையில் வீட்டுக்குள் உப்பு தண்ணீராகும், செருப்பில் பூஞ்சை பூக்கும், தீக்குச்சி நமுத்துப்போகும். அதனால் எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். அடுப்புக்கு மேலே தேங்காய்க் கொப்பரை காயப்போடும் பரண் இருக்கும். நமுத்தது எதுவானாலும் அதில் ஏறும். தீப்பெட்டி, உப்பு, என் பள்ளிக்கூடப் புத்தகம், அப்பாவின் பெல்ட், ரேடியோ பாட்டரிகூட. அன்று காலையில் காதை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தேன். (தொட்டுவிட்டேன், ஆம்.) ஜில்லென்று, ஈரம் மாதிரி இருந்தது. ஈரத்தோடு மாட்டினால் கேட்காது, கேட்காவிட்டால் அப்பா எங்கே என்று தெரியாது. அம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். நான் முக்காலி போட்டு ஏறிக் காதைப் பரணில், கொப்பரைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன்.

சற்று நேரத்தில் அடுப்படியில் கோயில் வாசனை அடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மெழுகு உருகி அடுப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. பிடிமானம் இழந்த கம்பி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து, பரண் இடுக்கு வழியாகத் தொங்கி, அதன் நுனி தணலில் கிடந்தது. இழுத்தேன். கருகிய பகுதி ஒடிந்து நெருப்பிலேயே நின்றுவிட்டது. மிச்சம் ஒரு குருவிக்கூடு மாதிரி என் கையில் இருந்தது.

அதை என் பாவாடைத் துணிகளுக்கு அடியில் ஒளித்தேன். மத்தியானம் அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"எங்கட்டி காது?"

"சித்தப்பா நாலு நாள் ஆகட்டும்னாரு. எறுவணுமாம்."

"நாளைக்கின்னுல்லா சொன்னாவ?"

"எங்கிட்டத் தனியாச் சொன்னாரு. நான் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

அம்மா என்னைத் துருவிக் கேட்கவில்லை. கேட்பாள், அடிப்பாள் என்று நின்ற எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொல்லப்போனால் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நாலு நாள் லீவு கிடைத்த பிள்ளையின் முகம்போல. அன்று ஐந்தேகாலுக்குப் பழைய காதிலேயே சிலோன் கேட்டாள்.

செவ்வாய் போயிற்று. புதன் ஐந்தாம் கோடு. காற்று எழுந்தது. பாக்கு மரங்கள் வளைந்து நிமிர்ந்தன. எங்களுக்கும் பஜாருக்கும் நடுவே ஓடுகிற நாலாவில் வெள்ளம் ஏறி, குறுக்கே போட்டிருந்த மரத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. இனி அண்ணாச்சியின் டிரான்சிஸ்டருக்கும் போகமுடியாது, சித்தப்பாவும் வரமுடியாது. நாலாவுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடும் ஒரு பெங்காலி வீடும்தான்.

வியாழன் காலையில் ஆறாம் கோடு போட என் கை எழும்பவில்லை. இந்தத் தடவை கடலில் என்ன நடந்திருந்தாலும் அது என் துணிகளுக்கு அடியில் கிடக்கிற கம்பியால்தான் என்று தோன்றியது. அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் தோன்றியது.

மூன்று மணிவாக்கில் பெங்காலி வீட்டு அக்கா, எங்களுக்கு தீதி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தாள். அவள் புருஷன் அப்பாவின் போட்டில் சமையல்காரர்.

"தமிழ் தீதி, ரேடியோ பன் கயா நா? லகாவ் நா. போட் கா கபர் ஆயேகா." ரேடியோ தயாராகிவிட்டதல்லவா, வை, போட் சேதி வரும் என்றாள்.

"லகாயேகா, லகாயேகா. பைட்டோ" என்று, வைக்கிறேன், உட்கார் என்பதைத் தனக்குத் தெரிந்த கொஞ்சூண்டு இந்தியில் சொல்லிவிட்டு அம்மா என்னிடம் திரும்பினாள். "அந்தக் காத எடுத்தா மக்கா. எறுகுனது போதும்."

நான் போய்க் குருவிக்கூட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, அடி விழ வசதியாகத் திரும்பி நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பரண், மெழுகு, நாலு நாள் பொய், எழுபதில் எண்ணிக்கை தவறியது. ஒன்றையும் விடவில்லை. விட்டால் அப்பா வரமாட்டார் என்று பயம்.

அடி விழவில்லை. "அப்பமே சொல்லப்பிடாதா சனியனே" என்றாள். அவ்வளவுதான். பிறகு பாயை விரித்து, வெளிச்சம் விழும் பக்கம் உட்கார்ந்தாள். அப்பாவின் மீன் வலையில் எவ்வளவு பெரிய சிக்கலானாலும் கத்தி வைக்காமல் பிரிக்கிறவள் அவள். கம்பியை முடிச்சு முடிச்சாக விடுவித்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மூங்கிலில் முதலிலிருந்து சுற்றத் தொடங்கினாள். என்னை எண்ணச் சொல்லவில்லை. தீதியின் மடியில் தன் செபமாலையைப் போட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு சின்ன மணி தள்ளச் சொன்னாள். செபமாலையில் ஐம்பது சின்ன மணி. மாலை இரண்டு தடவை சுற்றிவந்தால் நூறு. அதற்குமேல் இரண்டு பத்து. தீதி காளி கும்பிடுகிறவள். ஒரு மணிக்கு ஒருதரம் அவளும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் தள்ளினாள்.

நூற்றிப்பத்தில் கம்பி தீர்ந்தது.

இன்னும் ஒரு பத்து வேண்டும். அம்மா ஒரு சுற்றை விரலால் அளந்து பார்த்தாள். இரண்டு முழம் குறைந்தது. நெருப்பில் போனது அதுதான். வேறு கம்பிக்கு எங்கே போவது? வேலியில் கட்டுகிற கம்பி ஆகாது என்று எனக்கே தெரியும். எங்கள் தீவில் பொழுது சீக்கிரம் மங்கிவிடும். அலாரம் கடிகாரம் ஐந்து மணியைத் தாண்டியிருந்தது.

அம்மா எழுந்து பெட்டியின் பின்பக்கம் போய் நின்றாள். பழைய காதில் இருந்த கம்பி கொஞ்சம் தடிமன். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் இரண்டு முழத்துக்குக் குறையாது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "அதுல இருக்கும்மா! அதுல சரியா இருக்கும்!" என்று குதித்தேன்.

அம்மா அதைப் பிடுங்கவில்லை. முன்பக்கம் வந்து குமிழைத் திருப்பினாள். இரைச்சல் வந்தது. சிலோன் வந்தது. ஐந்தேகால். பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள்.

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. "அம்மா! ஆறு மணிக்குள்ள சுத்தணும்மா! மணியப் பாரு!" என்றேன். அவள் கேட்கவில்லை. தேயிலைப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா கடல்ல கெடக்காரு, நீ ஊரான் புள்ளைக்குப் பொறந்தநாளு கேட்டுட்டு இருக்கியே!" என்று கத்தினேன். அம்மாவிடம் அப்படி நான் அதற்குமுன் பேசியதில்லை. அவள் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினாள். பேசாதே என்று. அந்தக் கை கடைசிப் பெயர் வரை இறங்கவில்லை.

பாட்டு தொடங்கியது. அணைத்தாள். பழைய காதைப் பிடுங்கி, கம்பியின் நுனியை நகத்தால் கிளப்பி, சரசரவென்று உருவினாள். புதிய காதுக்கு ஒவ்வொரு சுற்றையும் செபமாலையில் எண்ணியவள், பழையதில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கம்பியின் தோலை அரிவாள்மணையில் சுரண்டி, இரண்டு முனையையும் முறுக்கி இணைத்து, கடைசிப் பத்தைச் சுற்றி, ஊசித்துளை மாதிரி இருந்த காலுக்குள் நுழைத்து மடக்கினாள். மாதாவின் மெழுகுவர்த்தி மறுபடியும் உருகியது.

ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது புதிய காது ஏறியது. சித்தப்பா போட்ட சாக்பீஸ் கோட்டில் குமிழை வைத்தேன். ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல். தீதி "ஹே மா" என்றாள். என் எழுபதுதான், என் பொய் எழுபதுதான், செபமாலையில் திரும்ப எண்ணியும் அது தீரவில்லை என்று நினைத்தேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு, தயிர்ப்பானையை நகர்த்துவதுபோல மெல்ல, மயிரிழை மயிரிழையாகக் குமிழை நகர்த்தினாள். கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை தள்ளி, பக்கத்து அறையில் பேசுவதுபோல ஒரு ஆண்குரல் பளிச்சென்று இந்தியில் பேசியது.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் அந்த வயதில் இந்தி எனக்குத் தமிழ் மாதிரி. அம்மாவுக்குச் சந்தைக்கு வேண்டிய இந்திதான். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை; என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி சொல்லுதான்? அவிய பேரு வந்துட்டா?"

"இரும்மா."

அந்த "இரும்மா"வை எவ்வளவு அதிகாரமாகச் சொன்னேன் என்று இப்போதும் காதில் கேட்கிறது.

ஏதேதோ போட்டுகள் வந்தன. பிறகு எங்கள் போட்டின் பெயர். கடல் சரியில்லாததால் கார் நிக்கோபாரிலேயே நிற்கிறது, ஆட்கள் எல்லாரும் சுகம், அலை தணிந்ததும் புறப்படும். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் தீதி என் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் வாயில் வெற்றிலை. என் கன்னமெல்லாம் சிவப்பு. அம்மா தீதியிடமிருந்து செபமாலையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "பாட்டரி தீந்துரும். அணை" என்றாள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை பாக்கோடு வந்தார். புதிய காதைப் பார்த்து, "இனி நான் எங்க போனாலும் போலீசுல சொல்லுத மாதிரி ஊருக்கே சொல்லிருவானா?" என்றார். எனக்கு உலகத்திலேயே பாதுகாப்பான வீடு எங்கள் வீடு என்று தோன்றியது. சுவரில் கோடு போடுவதை விட்டேன். கொஞ்ச நாள்தான். பிறகு வானொலி சொல்வது சரிதானா என்று பயப்பட ஆரம்பித்தேன்.

அடுத்த மாதம் சித்தப்பா வந்தார். மொட்டையாய் நின்ற பழைய காதைப் பார்த்து, "அய்ய, இத ஏன் மதினி உரிச்சிய? எத்தன சுத்து இருந்தது?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. எட்டு சுற்றிப் பார்த்தார், பன்னிரண்டு சுற்றிப் பார்த்தார். சீனக்காரன் மாதிரி யாரோ பேசினான். கப்பல்கள் தந்தியில் கொத்திக்கொண்டிருந்தன. சிலோன் வரவில்லை.

"அடுத்த தடவ நல்ல கம்பியா கொண்டாரேன்."

"வேண்டாம் தம்பி" என்றாள் அம்மா. "அந்நேரம் அடுப்படில வேல சரியா இருக்கு."

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவள் தானாகத் திருப்பி நான் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு நான் திருப்புவேன். அவள் என் வாயைப் பார்ப்பாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதினார்கள். தாய்மாமன் பெயர் போடவேண்டும். எனக்குத் தாய்மாமனே கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். நான் கேட்டேயிராத பெயர். அவளுடைய அண்ணன். அவளுக்குக் கல்யாணம் ஆகுமுன்பே தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறிக் கொழும்புக்குப் போனவர். இவர்கள் அந்தமானுக்கு வந்தது அவருக்குத் தெரியாது, அவர் எந்தத் தெருவில் இருந்தார் என்பது இவர்களுக்குத் தெரியாது. "விலாசம்?" என்று அப்பா பேனாவோடு கேட்டார். "பேர மட்டும் போடுங்க. எங்கயாவது புள்ளகுட்டியோட இருப்பாரு" என்றாள் அம்மா.

அந்தப் பெயரை அச்சில் பார்த்தபோதுதான் ஐந்தேகால் மணி எனக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் அப்பன் பெயரையும் வாசிப்பார்கள்.

அம்மா பழைய காதை உருவுமுன், அன்றைக்குக் கடைசியாக எத்தனையோ பெயர்கள் வாசித்தார்கள். பத்தா, இருபதா, தெரியாது. அந்தப் பெயர் அவற்றில் வந்ததா என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை, கேட்கப் பயம். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.